தீபாவளிக்கு மறுநாளும் பசிக்கும்

தீபாவளியன்று மதியம் சென்னை பாரிமுனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் சாப்பாட்டுக்குக் குறைவே இருக்காது. பதினொரு மணிக்கு ஒரு வேன் வந்து நின்று வெஜிடபிள் பிரியாணி கொடுக்கும். அரை மணி நேரத்தில் ஒரு காரில் சாம்பார் சாதம் வரும். அப்புறம் பைக்கில் இரண்டு இளைஞர்கள் ஸ்வீட் பாக்கெட்டோடு வருவார்கள். எல்லோரும் நல்ல மனசோடு வருகிறவர்கள்தான். ஆனால் மூன்றாவது வண்டி வரும்போது முதல் வண்டியில் வந்த பொட்டலமே பாதி மீந்திருக்கும். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் ஊறிக் குப்பைக்குப் போகும். மறுநாள் காலையில் அதே தெருவில் ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்காது. ஒரு வண்டியும் வராது.

பண்டிகையை ஒட்டி வீடில்லாதவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். பண்டிகை நாளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அதற்கு முந்தின வாரத்தையும் மறுநாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் பல வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

இது என் மாமனார் ஆரம்பித்து வைத்தது. அவர் ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் கணக்கு எழுதியவர். அந்தப் பக்கத்துத் தெருக்களில் கடை ஷட்டர் இறங்கிய பிறகு அதன் முன்னால் பாய் விரித்துப் படுக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. காலையில் கடை திறப்பதற்கு முன்பே எழுந்து, பாயைச் சுருட்டி, சட்டி பானையைக் கோணியில் கட்டிச் சுவரோரம் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். தாத்தா காலத்திலிருந்து அதே தெருவில் இருப்பவர்கள் உண்டு. மாமனாருக்கு அவர்களில் பலரைப் பெயர் சொல்லித் தெரியும். அவர் போன பிறகு, "வருஷா வருஷம் நம்ம வீட்டு முறுக்கை எதிர்பார்த்துட்டு இருப்பாங்க, விட்டுடாதீங்க" என்று மாமியார் சொன்னார். அப்படித்தான் நானும் என் கணவரும் பிள்ளைகளும் போக ஆரம்பித்தோம்.

முதலில், இவர்கள் யார் என்பது தெரிய வேண்டும். பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கையேந்துகிறவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த குடும்பங்களில் ஆண்கள் மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள். பெண்கள் பூ கட்டுகிறார்கள், கடைகளில் பெருக்கித் துடைக்கிறார்கள், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறார்கள். சிலர் அட்டையும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பழைய பேப்பர் கடையில் போடுகிறார்கள். எல்லாமே அன்றாடக் கூலி. கடை திறந்தால்தான் மூட்டை இறங்கும், மூட்டை இறங்கினால்தான் காசு. தீபாவளிக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு மூன்று நான்கு நாள் கடைகள் மூடினால் அத்தனை நாளும் கையில் வரவு கிடையாது. நமக்கு லீவு என்பது சம்பளத்தோடு வருவது. அவர்களுக்கு லீவு என்றால் பட்டினிக்குப் பக்கத்து நாள்.

மார்கழி மாதத்தைப் பற்றி மண்டபத்து வேலைக்குப் போகும் ஒரு பெண் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பாத்திரம் கழுவ ஆள் வேண்டாம். ஒரு மாதம் முழுக்க வருமானம் இல்லாமல் கிடந்துதான் அவர்கள் பொங்கலுக்குள் வருகிறார்கள். தை பிறந்து, முகூர்த்தங்கள் தொடங்கி, முதல் கூலி கைக்கு வரும்வரை கடன்தான். அதனால் எங்கள் வீட்டில் பொங்கலுக்கு என்று எடுத்து வைக்கும் பணத்தில் பெரும்பகுதி மார்கழிக் கடைசி வாரத்திலேயே அரிசி, பருப்பு, எண்ணெயாகப் போய்விடும். சமைத்துக்கொள்கிறவர்களுக்குச் சமைத்த சாப்பாட்டைவிட மளிகைச் சாமான்தான் தேவை. என்ன சமைப்பது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். விறகு அடுப்புதான் என்பதால், மழை நாட்களில் சாமானோடு காய்ந்த விறகோ கொட்டாங்கச்சியோ கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அவ்வளவு சந்தோஷப்படுவார்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னொன்று. பிளாட்பாரத்துப் பிள்ளைகளில் பள்ளிக்கூடம் போகிறவர்கள் அநேகமாக மாநகராட்சிப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கிறார்கள். அங்கே மதியம் சத்துணவு உண்டு, முட்டை உண்டு. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையிலும் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. ஆக, பள்ளி நாளில் இரண்டு வேளை உத்தரவாதம். பள்ளி மூடினால் அந்த இரண்டு வேளையும் போச்சு. அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டுவரை விடுகிற விடுமுறையை நாம் ஊருக்குப் போகும் நாட்களாகப் பார்க்கிறோம். அந்த அம்மாக்கள் அதை நாள் எண்ணிக் கடத்துகிறார்கள். அந்த வாரத்தில் தினம் ஒரு வீடு காலை நாஷ்டாவை எடுத்துக்கொண்டால்கூடப் போதும். எங்கள் குடியிருப்பில் சில வீடுகள் அப்படி நாள் பிரித்துக்கொண்டிருக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, அவ்வளவுதான் ஏற்பாடு.

அம்மா உணவகம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. 2013இல் ஆரம்பித்ததிலிருந்து ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. அதைப் பற்றி நன்றியோடுதான் எங்களிடம் பேசுகிறார்கள். ஆனால் எல்லா நடைபாதைக்கும் அது கூப்பிடு தூரத்தில் இல்லை. முழங்கால் வீங்கிய ஆயா அங்கே நடந்து போய் வரிசையில் நிற்க முடியாது. பொருட்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர் இடத்தை விட்டுப் போகவே பயப்படுவார். திரும்பி வரும்போது கோணியும் இருக்காது, அதற்குள் இருந்த ரேஷன் கார்டும் இருக்காது. இப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மா உணவகத்திலிருந்து வாங்கி வந்து கொடுப்பதே நல்ல உதவிதான். கையில் கொஞ்சம் சில்லறையும் ஒரு தூக்குவாளியும் போதும்.

தீபாவளிக்கு மறுநாள் காலை நாங்கள் கொண்டுபோவது இட்லி. பண்டிகையன்று சாயங்காலமே மாமியார் மாவு அரைத்து வைத்துவிடுவார். பக்கத்து வீடுகளிலும் விடியற்காலையில் இட்லிப் பானை ஏறிவிடும். தேங்காய்ச் சட்னி செய்வதில்லை. வெளியில் போனால் சீக்கிரம் கெட்டுவிடும். மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிவிட்டால் சீக்கிரம் கெடாது. கொஞ்சம் தக்காளித் தொக்கும் எடுத்துக்கொள்வோம். மதியத்துக்குச் சாதம் என்றால் புளியோதரைதான். சாம்பார் சாதத்தைச் சூடாகப் பொட்டலத்தில் அடைத்தால் சில மணி நேரத்தில் நூல்விட ஆரம்பிக்கும். நாம் கொடுத்ததை உடனே சாப்பிடுவார்கள் என்று எண்ணக் கூடாது. பாதியை ராத்திரிக்கு எடுத்து வைக்கிறவர்கள்தான் அதிகம், அதுவும் அம்மாக்கள். அதனால் எதைக் கொடுத்தாலும் ராத்திரிவரை கெடாமல் இருக்குமா என்று பார்த்துக் கொடுங்கள். முந்தின நாள் மீந்ததை எடுத்துப் போகவே கூடாது. "நாம சாப்பிட யோசிக்கிறதை இன்னொருத்தருக்குக் கொடுக்கக்கூடாது" என்பது மாமியார் போட்ட சட்டம். அதில் இன்றுவரை தளர்வு கிடையாது.

பொட்டலத்தை விட்டுவிட்டுப் பெரிய அடுக்கிலும் வாளியிலும் எடுத்துப்போய்ப் பரிமாறுகிறோம். அவர்களிடம் தட்டும் தூக்கும் இருக்கிறது. வேண்டியதை வேண்டிய அளவு வாங்கிக்கொள்வார்கள், மீதி வீணாகாது. இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளியன்று வந்த வண்டிகள் எல்லாம் போன பிறகு தெருவில் தெர்மாகோல் தட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் குவிந்து கிடக்கும். கடை திறந்ததும் முதலாளியின் கோபம் அந்தக் குடும்பங்கள் மேல்தான் திரும்பும். "உங்களாலதான் இந்தக் குப்பை, இடத்தைக் காலி பண்ணுங்க" என்பார்கள். கொடுத்தவர்களின் குப்பைக்கு வாங்கியவர்கள் திட்டு வாங்குகிறார்கள்.

நாங்கள் போகும் தெருவில் ஒரு பூக்கார ஆயா இருக்கிறார். முதல் தடவை அவர் முன்னால் இட்லியை வைத்தபோது, "பொறும்மா, ஏனத்தைக் கழுவிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு அடிபம்புவரை நடந்து போனார். எவர்சில்வர் தூக்கு, மூடியில் யாரோ ஒருவரின் கல்யாணத் தேதி பொறித்திருக்கும். அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, முந்தானையால் துடைத்து எடுத்துவந்து நீட்டினார். அதற்குப் பிறகு அதே தெருவில் இன்னும் பல குடும்பங்களிடம் நாங்கள் போக வேண்டியிருந்தது. ஆனால் அவர் கழுவிக்கொண்டு வரும்வரை நிற்பதுதான் மரியாதை. அவசர அவசரமாகக் கையில் திணித்துவிட்டு ஓடுவதென்றால் போகாமலே இருக்கலாம். குறைந்த இடங்களுக்குப் போங்கள், ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எங்களுக்குத் தெருவே ஒன்றுதான். வருஷம் முழுக்க அதே தெரு, அதே முகங்கள். யாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, யார் பெண் வயசுக்கு வந்திருக்கிறாள், யார் கர்ப்பமாக இருக்கிறார் என்று தெரிந்தால்தான் என்ன தேவை என்று தெரியும்.

ஸ்வீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயதானவர்களில் நிறையப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குகிறார்கள், ஆனால் நேரத்துக்குச் சாப்பாடு இல்லாமல் மாத்திரையும் முறையாகப் போடுவதில்லை. அவர்களிடம் ஜாங்கிரியும் மைசூர்பாகும் ஆளுக்கு ஒரு பெட்டி என்று நாலு பேர் கொடுத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? தின்னாமல் இருக்கவும் மனசு வராது, பண்டிகையாயிற்றே. நாங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் அதிரசம், முறுக்கு என்று சம்பிரதாயத்துக்குக் கொடுத்துவிட்டு, பல் இல்லாதவர்களுக்கு வாழைப்பழமும் மெத்தென்ற இட்லியும் தனியாக எடுத்துவைக்கிறோம்.

இனி மழை. சென்னையில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தேதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் போர்வை கொடுப்பது நல்ல காரியமாகத் தோன்றும், படம் எடுக்கவும் அழகாக இருக்கும். ஆனால் பிளாட்பாரத்தில் நனைந்த போர்வை வாரக்கணக்கில் காயாது. அதைத் தூக்கவும் முடியாது, நாற்றம் வேறு. ஒரு வருஷம் நாங்கள் என்ன வேண்டும் என்று கேட்டபோது, மூன்று பிள்ளைகளின் அம்மா ஒருவர் சொன்னார்: "போர்வை வேணாம் அக்கா, போன வாரம் குடுத்ததே ஈரமா சுருண்டு கெடக்குது. ஒரு தார்ப்பாய் வாங்கிக் குடுங்க. அப்படியே கயிறும் வாங்கினு வாங்க, எத்த வெச்சுக் கட்டறது?"

அந்தக் கயிறு நமக்குத் தோன்றவே தோன்றாது. தார்ப்பாய் வாங்கும்போது ஓரத்தில் இரும்பு வளையம் வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் கிழிந்துவிடும். நைலான் கயிறு வேண்டும். பகலில் கடைக்காரரோ மாநகராட்சி ஆட்களோ அவிழ்க்கச் சொல்வார்கள், அதனால் சட்டென்று மடித்து வைக்கும் அளவில் இருக்க வேண்டும். ரொம்பப் பெரியதைக் கொடுத்தால் தூக்கிச் சுமக்க முடியாமல் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். மேலே கட்டினால் மட்டும் போதாது, தண்ணீர் கீழே ஓடிவரும். அதற்கு அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கும் வழி ஃப்ளெக்ஸ் பேனர். கல்யாணம், காதுகுத்து, அரசியல் கூட்டம் எதற்காவது கட்டிய பேனர் கிடைத்தால் அதுதான் அவர்களுக்குத் தரைவிரிப்பு. தண்ணீர் ஏறாது, தடிமனாக இருக்கும், துடைத்தால் காய்ந்துவிடும். உங்கள் வீட்டு விசேஷம் முடிந்ததும் பேனரைக் குப்பையில் போடாமல் மடித்து எடுத்துப்போய்க் கொடுங்கள். காசு செலவில்லாத உதவி, ஒரு மழைக்காலம் முழுக்க ஓடும்.

மழைக்காலத்தில் பெண்கள் அதிகம் கேட்பது நைட்டி, நாப்கின், புது உள்ளாடை. வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள், ஆண்கள் முன்னால் கேட்கவே மாட்டார்கள். அதனால் நானும் என் மகளும் தனியாகப் போய்ப் பேசுவோம், என் கணவர் அந்த நேரத்தில் ஆண்கள் பக்கம் இருப்பார். ஈரத்திலேயே நிற்பதால் சேற்றுப்புண் எல்லோருக்கும் வரும். ரப்பர் செருப்பு, தேங்காய் எண்ணெய், சேற்றுப்புண் களிம்பு, துண்டு, கொசுவர்த்தி, இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் தேவைகள் இருக்கின்றன. ஜிப் வைத்து மூடும் பை ஒன்று கொடுத்தால், ஆதார் அட்டையும் மருந்துச் சீட்டும் நனையாமல் இருக்கும். உள்ளே போட ஒரு பிளாஸ்டிக் கவரும் வையுங்கள்.

துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து உண்டு. தீபாவளி என்றால் புதுத்துணி. நம் பிள்ளைக்குப் பழசைக் கட்டிக் கங்காஸ்நானம் செய்துவைப்போமா? பழைய துணியை மற்ற மாதங்களில் கொடுக்கலாம், துவைத்து, பட்டன் தைத்து. தீபாவளிக்குப் புதிதாகவே கொடுங்கள், ஒரு பிள்ளைக்குத்தான் முடியும் என்றால் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். அதையும் நாமே ஒரே நிறத்தில் டஜன் கணக்கில் வாங்கி அடுக்கிக் கொடுக்கும்போது பிள்ளைகள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அந்த அம்மாக்களையே வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு அழைத்துப் போகிறோம். பட்ஜெட் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். பிள்ளைகள் நிறம் பார்த்து எடுப்பார்கள். பேரத்தில் எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். நான் வாங்கினால் இரண்டு சட்டை என்றால் அவர்கள் வாங்கினால் மூன்று. பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே போய்விட வேண்டும். கடைசி வாரத்தில் அந்த ரோட்டில் கால் வைக்க முடியாது, விலையும் ஏறிவிடும்.

கடைக்குப் போன இடத்தில் ஒரு பையன் என் மகனின் காதில் ஏதோ கேட்டான். என்னவென்று விசாரித்தால் சாட்டையும் பாம்பு மாத்திரையும் வேண்டுமாம். சாப்பாடு, தார்ப்பாய், செருப்பு என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், அவனுக்குப் பட்டாசு வேண்டும். ஏன் வேண்டாம்? எட்டு வயதுப் பையன். அன்றிலிருந்து எங்கள் பட்டியலில் கம்பி மத்தாப்பும் சாட்டையும் பாம்பு மாத்திரையும் உண்டு. வெடித்துச் சிதறுவதும் மேலே பறப்பதும் வாங்குவதில்லை, சுற்றிலும் பிளாஸ்டிக் ஷீட்டும் அட்டையும் இருக்கிற இடம். அந்தக் குடும்பங்களுக்குத் தீபாவளி ராத்திரியில் பெரிய பயமே இதுதான். தெருவில் யாரோ விடுகிற ராக்கெட் தார்ப்பாய் மேல் விழலாம். பச்சைக் குழந்தை தூங்காமல் அழுதுகொண்டே இருக்கும். அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று 2018 முதல் இருக்கிறது. நீங்கள் வேறெதுவும் செய்யாவிட்டாலும், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நடைபாதையில் ஆட்கள் படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டு விதி. அதற்குக் காரணம் அதே தெருவில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். யாரோ பிரியாணி கொடுக்கும்போது எடுத்த படம் சுற்றிச் சுற்றி அவள் வகுப்புத் தோழியின் அம்மா போனுக்கு வந்துவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அதுவரை பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஒரு வாரம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. "சாப்பாடு குடுக்கலைன்னாலும் பரவால்ல, போட்டோ எடுக்காதீங்கன்னு சொல்லுங்க அக்கா" என்றார் அவள் அம்மா. வேறு எந்த விளக்கமும் எனக்குத் தேவைப்படவில்லை.

நம் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் "பார், இவங்க எவ்வளவு கஷ்டப்படறாங்க, உனக்கு எல்லாம் இருக்கு" என்று அவர்கள் காதுபடப் பாடம் எடுப்பதற்காக வேண்டாம். பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். என் மகன் இட்லி வாளி தூக்குவான், அப்புறம் அங்கிருக்கும் பையன்களோடு ஸ்டம்ப் இல்லாமல் கிரிக்கெட் ஆடுவான். மகள் ஒரு நோட்டில் யாருக்கு என்ன செருப்பு அளவு, யாருக்கு என்ன மாத்திரை என்று எழுதி வைக்கிறாள். பெரியவர்களை ஆயா, தாத்தா, அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

தனியாக இருக்கும் முதியவர்கள் விஷயத்தில் சாப்பாட்டோடு நிற்க முடியாது. பண்டிகைக் காலத்தில் வெளியூரிலிருந்து ரயிலில் வந்து, சென்ட்ரல் பக்கத்தில் திசை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். சிலர் வீட்டில் சண்டை போட்டு வந்தவர்கள், சிலரைப் பிள்ளைகளே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். முதியோர் உதவி எண் 14567. சென்னைக்குள் என்றால் மாநகராட்சியின் 1913க்கும் சொல்லலாம். தனியாக நிற்கும் குழந்தை என்றால் 1098. உடம்பு முடியாதவர் என்றால் 108தான் முதலில். 2010இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும்படி அமைக்க உத்தரவிட்டது. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்கள் மூலம் இப்படிப்பட்ட காப்பகங்களை நடத்துகிறது. ஆண்கள், பெண்கள், முதியோர் என்று தனித்தனியாக இருக்கின்றன. பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குவதற்கும் உண்டு. குடும்பமாக இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கே போக விரும்புவதில்லை. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என்று பிரிய வேண்டியிருக்கும், வேலை செய்யும் தெருவும் தூரமாகிவிடும். அதனால் வற்புறுத்தாதீர்கள். தனியாள் என்றால் விவரம் சொல்லி, அவர் சம்மதித்தால் நீங்களே கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். இரண்டு நாள் கழித்து ஒருமுறை போய்ப் பார்த்தால் அவருக்கும் தெம்பாக இருக்கும்.

மனநலம் பாதித்துத் தெருவில் திரிகிறவர்களைக் கண்டால் கூட்டம் கூடக் கூடாது, பின்னாலிருந்து தொடக் கூடாது. தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, இப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவதைக் காவல் நிலையத்தின் கடமையாக்கியிருக்கிறது. இதை மரியாதையாக எடுத்துச் சொன்னால் பல காவலர்கள் உதவியிருக்கிறார்கள். 1993 முதல் சென்னையில் வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக வேலை செய்யும் தி பேன்யன் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. அங்கே குணமாகி, ஊரையும் உறவையும் நினைவுக்குக் கொண்டுவந்து வீடு திரும்பிய பெண்கள் நிறைய.

கடைசியாக, பண்டிகை முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. பொங்கலுக்கு அரசு கொடுக்கும் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு எல்லாம் குடும்ப அட்டைக்குத்தான். அட்டைக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், பிளாட்பாரத்துக்குக் கதவு எண் கிடையாது. ஆனால் வழி இருக்கிறது. முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு ஆதாருக்கென உள்ள படிவத்தில் எம்.எல்.ஏ. அல்லது வார்டு கவுன்சிலர் சான்றளிக்கலாம், அது மூன்று மாதம் செல்லும். வாக்காளர் பட்டியலில் சேரவும் வீடில்லாதவர் முகவரி ஆவணம் காட்ட வேண்டியதில்லை. எந்த இடத்தில் படுக்கிறாரோ அதைப் படிவத்தில் எழுத வேண்டும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து பார்த்து உறுதி செய்வார். படிவம் நிரப்ப, போட்டோ எடுக்க, அலுவலகத்தில் கூட நிற்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அவர்கள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால் அந்தக் கூலியையும் நாம் கொடுத்துவிட வேண்டும்.

இந்தப் பொங்கல் முடிந்து அலுவலகங்கள் திறந்ததும் அந்த மூன்று பிள்ளைகளின் அம்மாவோடு கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போகிறேன். படிவத்தை மகள் நிரப்பி வைத்துவிட்டாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு கிடைத்துவிட்டது, மூன்றாவது குழந்தை பிறந்த மருத்துவமனைக்கு இன்னும் ஒருமுறை போக வேண்டும்.